கிழிந்த முட்டி ஜவ்வுக்கு எந்தத் தசைநாண்? கபடி ஆடுகிறவர்களுக்கும் மாடு பிடிக்கிறவர்களுக்கும் ஓர் ஒப்பீடு

முட்டிக்குள் தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் முன் சிலுவை ஜவ்வு, அதாவது ஏசிஎல், முழுதாகக் கிழிந்துவிட்டது என்று எம்ஆர்ஐ காட்டிய பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்பார். "புது ஜவ்வுக்கான தசைநாணைத் தொடைக்குப் பின்னாலிருந்து எடுக்கலாமா, முட்டிக்கு முன்னாலிருந்து எடுக்கலாமா?" பையனும் கூட வந்த அப்பாவும் பெரும்பாலும் "நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் நல்லதைத்தான் செய்வார். ஆனால் நீங்கள் எப்படி உட்காருவீர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த இடத்தில் நின்று கபடி ஆடுகிறீர்கள் என்பதெல்லாம் எம்ஆர்ஐயில் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மதுரையில் பிசியோதெரபிஸ்ட்டாக இந்த முட்டிகளோடு பழகுகிறவன் என்பதால், அந்தப் பேச்சுக்குத் தேவையானதை எழுதிவைக்கிறேன்.

கிழிந்த ஜவ்வைத் தைத்துவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூட்டுக்கு வெளியே உள்ள ஜவ்வு கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு புது நார் வளரும். ஏசிஎல் இருப்பதோ மூட்டுத் திரவத்துக்கு நடுவே. இரண்டு முனைகளுக்கும் இடையில் ரத்தம் உறைந்து நிற்க அந்தத் திரவம் விடுவதில்லை. அதனால் வெறும் தையல் பெரும்பாலும் நிலைப்பதில்லை. உடம்பில் வேறோர் இடத்திலிருந்து தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நாரை எடுத்து, தொடை எலும்பிலும் கெண்டைக்கால் எலும்பிலும் துளை போட்டு, அதன் வழியே கோத்துப் புது ஜவ்வாக வைக்கிறார்கள். தசைநாணும் ஜவ்வும் பெரும்பாலும் கொலாஜன் என்ற ஒரே புரத நாரால் ஆனவை என்பதால்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடிகிறது.

அறுவை வேண்டுமா என்பது முதல் கேள்வி

இதைத் தாண்டி யாரும் நேரே தசைநாணுக்குப் போகக் கூடாது. ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. சுறுசுறுப்பான இளைஞர்கள், ஆனால் தொழில்முறை வீரர்கள் அல்ல. ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு கழித்து முட்டியின் நிலையில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டு முடிவிலும் பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அறுவை இல்லாமலே இருந்தார்கள்.

ஆக, கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர், பைக்கிலிருந்து விழுந்து ஜவ்வு கிழிந்தவர், நேராக நடப்பதைத் தவிர காலுக்குப் பெரிய வேலை இல்லாதவர் என்றால் மூன்று மாதம் ஒழுங்காகத் தொடைப் பயிற்சி செய்து பார்க்கலாம். ஆனால் வரப்பில் நடக்கும்போது, படி இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது முட்டி "விட்டு விட்டுப்" போகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு முறை அது நழுவும்போதும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு வட்டு நசுங்குகிறது. அது போனால் தேய்மானம் சீக்கிரமே வந்து சேரும். கபடியையோ ஜல்லிக்கட்டையோ விடமாட்டேன் என்கிறவருக்கு அறுவைதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. அடிபட்டதும் முட்டையின் வெள்ளைக்கரு போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் காலை அசைக்காமல் இருந்துவிட்டு வருகிறவர்கள் இன்னமும் உண்டு. எலும்பு முறிவு வேறு, இது வேறு. கட்டு பிரிக்கும்போது தொடையின் முன்தசை பாதியாக வற்றியிருக்கும், முட்டியும் இறுகியிருக்கும். அந்த இறுக்கத்தோடு அறுவைக்குப் போனால் பலன் குறையும். முதலில் வீக்கம் வடிய வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும். அதன் பிறகுதான் அறுவை.

எது எவ்வளவு தாங்கும்

கிழிந்ததா இல்லையா என்று கையால் பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆளைப் படுக்கவைத்து, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுக்க வேண்டும். நல்ல காலில் சில மில்லிமீட்டர் வந்ததும் 'டக்' என்று நின்றுவிடும். அந்த நிறுத்தம் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். கிழிந்த காலில் எலும்பு மெத்தென்று முன்னால் வந்துகொண்டே இருக்கும். அந்த நிறுத்தத்தைக் கொடுப்பதுதான் ஏசிஎல்லின் வேலை. அதோடு கால் உள்பக்கம் திருகுவதையும் அது தடுக்கிறது.

அது எவ்வளவு பலமானது? 1991இல் சாவியோ வூ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, இறந்தவர்களின் முட்டிகளை எந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தது. 22 முதல் 35 வயதுக்காரர்களின் ஜவ்வு சராசரியாக 2160 நியூட்டனில் அறுந்தது. ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அறுபதைத் தாண்டியவர்களின் ஜவ்வு 658 நியூட்டனிலேயே அறுந்துவிட்டது. வயது கொலாஜனை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது. சாதாரண நடையில் இந்த ஜவ்வின் மேல் விழும் பாரம் சில நூறு நியூட்டன்தான். பாடிப் போனவர் காலை மண்ணில் ஊன்றி உடம்பை மட்டும் திருப்பும்போதும், திமிலை விட்டு ஒற்றைக் காலில் தரையில் இறங்கும்போதும்தான் அது எல்லையைத் தாண்டுகிறது.

இனி மாற்று நாண்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள பட்டெல்லா தசைநாணின் நடுப்பகுதியை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு எடுத்தால், சுமார் 2977 நியூட்டன். தொடைப் பின்புறத்து ஹாம்ஸ்ட்ரிங் நாண்கள் இரண்டையும் மடித்து நான்கு இழையாக்கினால், சுமார் 4090 நியூட்டன். சில்லுக்கு மேலே உள்ள குவாட்ரிசெப்ஸ் தசைநாண் 2000 நியூட்டனைத் தாண்டும், நல்ல தடிமனும் உண்டு. கணுக்கால் வெளிப்புறத்தின் பெரோனியஸ் லாங்கஸ் நாணை மடித்து வைத்தால் அதுவும் இந்த அளவுக்குக் குறையாது.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் "அப்போ 4090தான் சார் பெஸ்ட்" என்பார்கள். அப்படி இல்லை. அந்த 4090, நான்கு இழைகளையும் எடை கட்டி ஒரே அளவு விறைப்பாக இழுத்தபோது கிடைத்தது. 1999இல் வந்த அதே ஆய்வில், இழைகளை வெறும் கையால் இழுத்துப் பிடித்தபோது நான்கு இழை, இரண்டு இழையைவிடப் பெரிதாக ஒன்றும் தாங்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் நாலு கயிறு தொய்ந்து கிடந்தால் இறுக்கமாக இருக்கும் கயிறுதான் பாரத்தை எல்லாம் வாங்கி முதலில் அறும். அதே கதைதான் இங்கேயும்.

அறுவை அரங்கில் அந்த நாணைத் தயார் செய்வதைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். நீளமான கம்பியின் நுனியில் வளையம் வைத்த ஒரு கருவியை நாணின் மேல் கோத்து மேலே தள்ளினால், தசையிலிருந்து நாண் உருவி வந்துவிடும். முத்துச் சிப்பியின் உட்புற நிறத்தில், ஈரமாக, ஒரு சாண் அளவுக்கு மேல் நீளமாக இருக்கும். ஒட்டியிருக்கும் சிவப்புத் தசையை வழித்து எடுப்பார்கள். முனைகளைத் தைத்து, மடித்து, பலகையில் இரண்டு பக்கமும் மாட்டி இழுத்துவைப்பார்கள். தொடர்ந்து இழுபட்டால் தசைநாண் மெல்ல மெல்ல நீளும். அந்த நீட்சியெல்லாம் பலகையிலேயே நடந்து முடிய வேண்டும், முட்டிக்குள் போய் நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. பல இடங்களில் வான்கோமைசின் மருந்தில் நனைத்த துணியைச் சுற்றிவைக்கிறார்கள், கிருமித் தொற்று குறைகிறது. கடைசியாக, பல அளவில் ஓட்டை போட்ட தகட்டில் நுழைத்து விட்டம் பார்ப்பார்கள். 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், அதுவும் ஆள் இருபது வயதுக்குள் என்றால், மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுகிறது.

எங்கிருந்து எடுப்பது

அறுவை முடிந்த அன்றைக்கு எல்லா நாணும் போதுமான பலத்தோடுதான் இருக்கிறது. அன்றைக்குப் பலவீனம் நாணில் இல்லை. அதை எலும்பில் பிடித்துவைத்திருக்கும் திருகிலும் பொத்தானிலும் இருக்கிறது. அவை தாங்குவது சில நூறிலிருந்து ஆயிரம் நியூட்டன் சுற்றுத்தான். அதனால் எந்த நாண் அதிகம் தாங்கும் என்பதைவிட, எடுத்த இடத்தில் உண்டாகும் குறையோடு உங்களால் வாழ முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. என் கணிப்பில் முடிவு அங்கேதான் இருக்கிறது.

ஹாம்ஸ்ட்ரிங் நம் பக்கம் அதிகம் செய்யப்படுவது. தழும்பு சிறியது, முட்டியின் முன்பக்கம் வலி குறைவு. டைல்ஸ் ஒட்டுகிறவர், கொத்தனார், தினமும் தொழுகையில் முழங்காலைத் தரையில் வைக்கிறவர், தேவாலயத்தில் முழங்காலிடுகிறவர், இவர்களுக்கெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வேன். சம்மணம் போடுவதும் குத்தவைத்து உட்காருவதும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

குறை எங்கே என்றால், முட்டியை முழுதாக மடக்கிய நிலையில் இழுக்கும் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். எடுத்த நாண் பலருக்கு ஓரளவு மறுபடி வளர்கிறது, ஆனால் பழையபடி ஆவதில்லை. ஆழமாகக் குனிந்து நின்று ஆடும் கபடிக்காரருக்கு இது தெரியும். முழு வேகத்தில் ஓடுகிறவருக்கும் தெரியும். அதோடு ஹாம்ஸ்ட்ரிங் தானே ஏசிஎல்லுக்குத் துணை நிற்கும் தசை, கெண்டைக்கால் எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. ஜவ்வு போன காலில் அந்தத் துணையையும் குறைப்பது இளம் வீரருக்கு நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரிக் கபடி அணிகளின் பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஏசிஎல் கிழிவது பெண்களுக்கு அதிகம். ஒல்லியான உடம்பில் நாணும் மெலிதாகவே கிடைக்கும். "விட்டம் எட்டுக்குக் கீழே வந்தா என்ன செய்வீங்க?" என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுவையுங்கள்.

பட்டெல்லா நாணின் சிறப்பு, அதன் இரண்டு முனையிலும் எலும்புத் துண்டு சேர்ந்தே வருவது. சில்லிலிருந்து ஒரு துண்டு, கீழே கெண்டைக்கால் எலும்பிலிருந்து ஒரு துண்டு. துளைக்குள் எலும்போடு எலும்பு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். வெறும் நாண் எலும்போடு ஒட்ட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஏன் இந்த வேறுபாடு? இயற்கையில் ஜவ்வு எலும்பில் சேரும் இடத்தில் நான்கு அடுக்குகள் உண்டு. முதலில் ஜவ்வு, அப்புறம் நாரும் குருத்தெலும்பும் கலந்த அடுக்கு, பிறகு அதுவே சுண்ணாம்பு ஏறிய அடுக்கு, கடைசியில் எலும்பு. மென்மையானதிலிருந்து கடினமானதுக்குப் படிப்படியாகப் போவதால்தான் அந்த இடம் பிய்ந்துவருவதில்லை. பட்டெல்லா நாணை எடுக்கும்போது இந்த அடுக்குகள் அப்படியே கூட வருகின்றன. ஹாம்ஸ்ட்ரிங்கில் உடம்பு ஒரு மாற்று ஏற்பாடாக நார்களை எலும்புக்குள் செலுத்திப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இளம் வீரர்களிடம் மறுபடி கிழிவது பட்டெல்லா நாணில் குறைவு என்று ஸ்காண்டிநேவிய நாடுகளின் அறுவைப் பதிவேடுகள் காட்டுகின்றன.

விலை? முழங்காலிட்டால் வலி. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் போகாது. தரையிலேயே வாழ்க்கை நடக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. சில்லில் விரிசல் விடுவது அபூர்வம், ஆனால் உண்டு. முட்டி முழுதாக நீளாமல் போகும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். கபடியிலும் முழங்கால் தரையில் படாத ஆட்டம் ஏது? எதிராளியை மடக்கி விழும்போது முதலில் மண்ணில் இடிப்பது அந்த இடம்தான்.

அதனால்தான் குவாட்ரிசெப்ஸ் நாண் பற்றி விசாரியுங்கள் என்று இளம் வீரர்களிடம் சொல்கிறேன். சில்லுக்கு மேலிருந்து எடுப்பதால் முழங்காலிடும்போது வலி குறைவு. தடிமன் போதவில்லை என்ற பிரச்சினை அநேகமாக வராது. வேண்டுமானால் ஒரு முனையில் எலும்புத் துண்டோடும் எடுக்கலாம். இதில் பாடு படுவது பிசியோதெரபி அறையில். தொடையின் முன்தசை முதல் மாதங்களில் 'தூங்கிவிடும்'. அதை எழுப்புவதற்குப் பொறுமை வேண்டும், சிலர் அழுதே விடுகிறார்கள். இதைப் பழக்கமாகச் செய்யும் அறுவை நிபுணர் கையில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். பெரியாஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும், அவர் கைக்கு நன்றாக வரும் முறையை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்யச் சொல்லி வற்புறுத்துவதில் லாபம் இல்லை.

பெரோனியஸ் லாங்கஸ் இப்போது இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பரவிவருகிறது. முட்டியைச் சுற்றி எதையும் தொடாமல் கணுக்காலிலிருந்து எடுப்பது அதன் கவர்ச்சி. வயல் வேலை, கடை வேலை செய்கிறவருக்கும், முட்டியில் பல ஜவ்வு சேர்ந்து கிழிந்தவருக்கும் நல்ல வழி. ஆனால் பாடிப் போகிற ஆட்டக்காரரிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். எதிரணி பிடிப்பதே கணுக்காலைத்தான். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் பலத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அங்கே அது பெரிய இழப்பு.

பிறர் கொடுத்த நாண் இளைஞர்களுக்கு வேண்டாம். வீரர்களிடம் அது மறுபடி கிழியும் வாய்ப்பு பல மடங்கு. செயற்கை நாரும் வேண்டாம். 1980களில் டாக்ரான், கோர்டெக்ஸ், கார்பன் நார் என்று எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். எலும்பு விளிம்பில் உராய்ந்து உராய்ந்து இழை இழையாகப் பிரிந்தன, அந்தத் துகளால் மூட்டு வீங்கியது. தேய்ந்த நாரைத் தானே புதுப்பித்துக்கொள்வது உயிருள்ள திசுவுக்கு மட்டும்தான் முடியும்.

நாண் ஜவ்வாக மாறும் காலம்

வைத்த நாண் முதலில் பலவீனமாகிறது. வெட்டி எடுத்ததால் அதற்கு ரத்த ஓட்டம் இல்லை. உள்ளிருக்கும் செல்கள் பெரும்பாலும் சாகின்றன. பிறகு புது ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, புதுச் செல்கள் வந்து, பழைய கொலாஜனைக் கரைத்துப் புதிதாக நெய்கின்றன. இந்த மாற்றத்தில் நாண் மிகவும் நொய்ந்திருப்பது ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. வீக்கம் வடிந்து, வலி போய், "எனக்குச் சரியாயிருச்சு" என்று பையன் மைதானத்தை எட்டிப் பார்க்கும் நேரமும் இதுதான். ஜவ்வுக்கு நெருக்கமான நிலைக்கு அது வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

2016இல் வந்த ஒரு நார்வே ஆய்வு, அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளித் திரும்பும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டியது. அத்தோடு தொடை முன்தசையின் பலம் நல்ல காலில் இருப்பதில் 90 விழுக்காடாவது வர வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங்தான் வைக்கிறோம், ஆளோ இருபத்தைந்துக்குள், ஆட்டத்தையும் விடமாட்டார் என்றால், தொடையின் வெளிப்பக்கத்தில் இன்னொரு பட்டையை இறுக்கிக் கொடுக்கும் துணை அறுவை பற்றிக் கேளுங்கள். 618 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், இதைச் சேர்த்தவர்களிடம் இரண்டு ஆண்டுக்குள் நாண் கிழிந்தது 4 விழுக்காடு, சேர்க்காதவர்களிடம் 11.

இதையெல்லாம் வைத்து நான் சொல்வது இப்படித்தான் வரும். வயலும் வீடும் கடையும் என்றால் ஹாம்ஸ்ட்ரிங் அல்லது பெரோனியஸ். முழங்காலிடும் வேலையோ வழிபாடோ இருந்தால் ஹாம்ஸ்ட்ரிங். இருபத்தைந்துக்குள் இருக்கும் கபடி வீரருக்கு, அந்த முறையில் கைதேர்ந்த நிபுணர் கிடைத்தால் குவாட்ரிசெப்ஸ், இல்லையென்றால் பட்டெல்லா. மாடு பிடிக்கிறவருக்கு ஓட்டமும் பாய்ச்சலும் முக்கியம் என்பதால் ஹாம்ஸ்ட்ரிங்கை நான் கடைசியில்தான் வைப்பேன்.

நாள் குறிக்கும்போது காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் தை முதல் மூன்று நாட்களில் வந்துவிடும். ஏப்ரல் தொடக்கத்துக்குள் அறுவை முடிந்தால் ஜனவரி நடுவில் ஒன்பது மாதம் கடந்திருக்கும், பலச் சோதனையில் தேறினால் பேசலாம். ஜூனில் செய்துகொண்டவர் ஏழாவது மாதத்திலேயே வாடிவாசலுக்குப் போக அனுமதி கேட்டு வருவார். அவரிடம் நான் அடுத்த தை என்றுதான் சொல்கிறேன், கூட வரும் அண்ணன் எவ்வளவு கெஞ்சினாலும்.